மச்சான் பெயர் வெட்டிய மீட்டர்

1

என் விமானத்துக்கு இன்னும் இறக்கைத் துணி ஒட்டி முடியவில்லை. ஆனால் தேனிப் பக்கம் ஓடைப்பட்டியில் என் அக்கா வீட்டு முன்னறையில், கல்யாணப் படத்துக்கும் நாள்காட்டிக்கும் நடுவில், அது சட்டம் போட்டு மாட்டப்பட்டுவிட்டது. படத்தில் நான் தோல் தொப்பி போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறேன். எனக்கு எதிரே மரப்பலகையில் நான்கு மீட்டர்கள் பளபளக்கின்றன. அந்த மீட்டர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுதாமல் விட்டிருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை வந்த போனுக்குப் பிறகு மனசு கேட்கவில்லை.

நான் நியூசிலாந்துக்கு வந்தது 1998இல். ஹாமில்டனுக்கு வெளியே ஒரு பால்பவுடர் தொழிற்சாலையில் வேலை. கொதிகலன்களிலும் குழாய்களிலும் இருக்கும் மீட்டர்களைக் கழற்றி, சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து, திரும்ப மாட்டுவதுதான் என் பிழைப்பு. இதை ஊரில் விளக்க முயன்று தோற்றுவிட்டேன். அக்கா முருகேஸ்வரியின் கணவர், தவமணி மச்சான், நான் பால்பண்ணையில் இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அவருக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம், ஒரு பழைய ட்ராக்டர். என் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை சாப்பிடாமல் நின்று பரிமாறிய மனிதர்.

இந்த நாட்டில் வீட்டுக் கார் ஷெட்டிலேயே விமானம் கட்டலாம். ஆய்வாளர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்பு வாங்க மச்சான் சின்னமனூருக்கு நடந்த நடையில் நான் இரண்டு விமானம் கட்டியிருப்பேன். எங்கள் கார் மட்டும் ஐந்து வருடமாக மழையில் நிற்கிறது. அதைப் பற்றி வீட்டில் பேச்செடுக்கக் கூடாது.

2

நான் கட்டுவது பழைய காலத்துத் தோற்றம் கொண்ட விமானம். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, மரச்சட்டம், துணிப் போர்வை, மேலே கூரையில்லாத ஒற்றை இருக்கை. எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து எடுத்து மாற்றியமைத்தது. காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும், தண்ணீர் கிடையாது.

இப்படிப்பட்ட எஞ்சினுக்கு ஓட்டுகிறவன் கண்ணெதிரே சில மீட்டர்கள் கட்டாயம் வேண்டும். எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஆயில் எவ்வளவு சூடு, சிலிண்டர் எவ்வளவு சூடு, ஆயில் எந்த அழுத்தத்தில் ஓடுகிறது. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் உயிர். ஆயில் அழுத்தம் இறங்கிவிட்டால் சிறிது நேரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். ரோட்டில் நின்றால் இறங்கித் தள்ளலாம். மேலே நின்றால் யார் தள்ளுவது?

எங்கள் கிளப்பில் பீட்டர் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். மூன்று விமானம் கட்டியவர். அவர் ஒரு சின்னத் திரையை வாங்கச் சொன்னார். எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் எண்ணாகக் காட்டும், ஏதாவது தப்பானால் சிவப்பாக மின்னும். விலையும் பரவாயில்லை, எடையும் குறைவு, ஒரே ஒரு வயர்க் கட்டு. நான் முடியாது என்றேன். பழைய காலத்து விமானத்தில் டிவிப் பெட்டியா? எனக்குக் கறுப்பு முகம், பாலாடை நிற எண், பித்தளை வளையம், நடுவில் முள் ஆட வேண்டும். பகல் முழுக்க முள் பார்த்துச் சலிக்கவில்லையா என்று பீட்டர் சிரித்தார். தொழிற்சாலையில் நான் பார்ப்பது அடுத்தவன் முள். இது என் முள். அந்தப் பிடிவாதம் எனக்கு இருந்தது.

அந்த மாதிரி மீட்டர்கள் இங்கே ஏலத்துக்கு வரும். வந்தால் யாராவது என்னை முந்திக்கொள்வார்கள். பல மாதங்கள் இப்படியே போயின. பலகையில் நான்கு வட்ட ஓட்டைகள் போட்டு வைத்துவிட்டு அவற்றின் வழியாகக் கார் ஷெட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிறு, போனில் வேறு பேச்சில்லாமல் போய், இதை மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

3

"பித்தளை வளையம் போட்ட மீட்டருதான மாப்ள? நம்ம தேனி காயலாங்கடையில கெடக்கும்யா. இதுக்குப் போயி வெள்ளக்காரங்கிட்ட ஏலம் கேட்டுக்கிட்டு இருக்க. நான் பாத்து அனுப்புறேன்."

காயலாங்கடையில் கிடைக்கும் பழைய ட்ராக்டர் மீட்டர் விமானத்துக்குச் சேராது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்" என்றேன். எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம், அனுப்புங்கள் என்பதுதான்.

அவர் தேனியில் தேடினார், போடியில் தேடினார், கம்பத்தில் லாரிப் பட்டறைகளில் தேடினார். திராட்சை வெட்டு நடக்கும்போதுகூட ஆளை விட்டுவிட்டு பஸ் ஏறினாராம். கடைசியில் கிடைத்தவற்றைத் திராட்சைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கி, ஆணியடித்து அனுப்பிவிட்டார்.

இந்த நாட்டில் ஒரு வைக்கோல் துரும்பு உள்ளே வந்தாலும் அதிகாரிகள் கையுறை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். பூச்சி வரும், விதை வரும், நோய் வரும். ஆக்லாந்துக்கு வந்து விளக்கம் கொடு என்று கடிதம். என் மகள் அபிநயாவுக்கு அன்று பள்ளி விடுமுறை, கூடவே வந்தாள். மேசைமேல் வைக்கோலைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கட்டியிருந்தார்கள். மீட்டர்களைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தன. நான் கேட்ட அதே கறுப்பு முகம், அதே பித்தளை.

அந்தப் பித்தளை வளையத்தைச் சுற்றித் தமிழில் எழுத்து வெட்டியிருந்தது. நான்கிலும். "அன்பளிப்பு: இரா. தவமணி – முருகேஸ்வரி, ஓடைப்பட்டி."

எங்கள் பக்கம் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். சீர்க் குடம், மொய்யாக வைக்கும் குத்துவிளக்கு, கோயிலுக்குக் கொடுக்கும் டியூப்லைட்டு, எல்லாவற்றிலும் கொடுத்தவர் பேர் இருக்கும். மச்சான் மீட்டர்களைத் தேனிப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோய், டர்ரென்று அதிரும் மிஷினால் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்திருக்கிறார்.

அதிகாரி ஒரு பெண். இது என்ன எழுத்து என்று கேட்டாள். என் வாய் எனக்கு முன்னால் பதில் சொன்னது: "தயாரித்த கம்பெனியின் பெயர்."

"அப்பா, அதுல மாமா நேம் இருக்குன்னு இப்பதானே சொன்னீங்க?" என்றாள் அபி, ஆங்கிலத்தில் அதையே அதிகாரிக்கும் சொன்னாள். என் மாமா கிஃப்ட் பண்ணினார், அதனால் அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பெண் சிரித்து, நல்ல மாமா என்றாள். என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வது? மச்சான் பெயரைச் சொல்ல எனக்கு ஏன் கூசியது என்று காரில் வரும்போது அபி கேட்டாள். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

4

அன்று சாயங்காலம் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"வந்துருச்சா! பேரு வெட்டிருக்கேன் பாத்தியா? அதுல ஒரு விசேசம் இருக்கு மாப்ள. ஆயில் மீட்டரு ஒரே மாதிரி ரெண்டு கெடச்சுச்சு. ஒண்ண உனக்கு அனுப்பிட்டு, ஒண்ண நம்ம ட்ராக்டர்ல மாட்டிட்டேன். அதுல உன் பேரு வெட்டிருக்கேன். நீ என் பேரோட மேல பற, நான் உன் பேரோட இங்கன உழுகுறேன். எப்படி?"

நல்லா இருக்கு மச்சான் என்றேன். சும்மா சொல்லவில்லை.

ஆனால் மீட்டர் சேரவில்லை. வேகம் காட்டும் மீட்டர் ட்ராக்டருக்கானது. என் எஞ்சின் போகும் வேகத்தில் பாதி தாண்டியதும் அதில் எண் முடிந்துவிடும். சூடு காட்டுவது தண்ணீரின் சூட்டைக் காட்டும்; என் எஞ்சினில் தண்ணீரே இல்லை. கரண்டு காட்டுவது பலகைக்கு அழகு, வேறொன்றுக்கும் இல்லை. ஆயில் மீட்டர் மட்டும் ஒத்துவரும்போல் இருந்தது. சரி, அதையாவது மாட்டுவோம் என்று தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் என் சோதனை மேசையில் பொருத்தினேன்.

அழுத்தம் ஏற்றினேன், முள் ஒழுங்காக ஏறியது. இறக்கினேன். பாதி வந்து நின்றுவிட்டது. அழுத்தம் மொத்தமும் போய்விட்டது, முள் மட்டும் நடுவில் நின்று எல்லாம் நலம் என்கிறது. கண்ணாடியைத் தட்டினால் இறங்கியது. திரும்ப ஏற்றி இறக்கினால் திரும்ப நின்றது. திறந்து பார்த்தேன். உள்ளே முடி மாதிரி ஒரு சுருள்கம்பி உண்டு, அது சிக்கிக்கொண்டிருந்தது. பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டியிருந்தது. பழைய மீட்டர்தான், ஆனால் இது பழசால் வந்த கோளாறு இல்லை. பேர் வெட்டும் மிஷின் வளையத்தைச் சுற்றி ஓடிய அதிர்வில் வந்தது. இந்த வேலையில் இருப்பவனுக்கு அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

உடனே எனக்கு ட்ராக்டர் ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. அதே மீட்டர், அதே கடை, அதே மிஷின். அன்றே சொல்லிவிட வேண்டும் என்று போன் கார்டைச் சுரண்டி நம்பர்கூடப் போட்டேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். ஆசையாகக் கொடுத்ததைச் சோதனை மேசையில் வைத்துக் குறை கண்டுபிடித்தேன் என்று எப்படிச் சொல்வது? மனுசன் திராட்சை வெட்டை விட்டுவிட்டு அலைந்திருக்கிறார். ட்ராக்டர்தானே, தரையில் ஓடுவதுதானே, ஆயில் குறைந்தால் மச்சானுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு சொல்லலாம் என்றேன். பிறகு மறந்தேன். மறந்தேன் என்று எழுதும்போது கை தயங்குகிறது.

பீட்டரின் திரைக்கும் என் ஆசைக்கும் நடுவில், பழைய முகத்தோடு புதிதாகச் செய்யப்பட்ட மீட்டர்களை ஒரு கடையில் வரவழைத்தேன். ஒவ்வொன்றையும் என் மேசையில் சோதித்தேன். மச்சானுடையவை பழைய துண்டில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போயின.

5

தீபாவளிக்குப் போட்டோ கேட்டார் மச்சான். "ஊர்ல எல்லாரும் கேக்குறாக மாப்ள. தவமணி மீட்டரு வானத்துல பறக்கப்போகுதாமேன்னு டீக்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாக. ஒரு படம் எடுத்து அனுப்பு, வாயை அடைக்கணும்."

புது மீட்டர்களைக் கழற்றினேன், டப்பாவைத் திறந்து அவருடைய நான்கையும் ஓட்டைகளில் செருகினேன். பின்னால் ஒரு குழாயும் இல்லை, ஒரு வயரும் இல்லை, விழாமல் இருக்க டேப் ஒட்டினேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அபிதான் படம் எடுத்தாள். எடுத்து முடிந்ததும் நான் டேப்பைப் பிய்த்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆக்லாந்து போய்வந்த பிறகு அவள் என்னிடம் கேள்விகளைக் குறைத்துக்கொண்டுவிட்டாள்.

சின்னமனூர் பிரவுசிங் சென்டரில் படத்தைப் பெரிதாகப் பிரிண்டு போட்டு வாங்கினார் மச்சான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவருடைய போனெல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. பொங்கல் கழிந்ததிலிருந்து பேச்சு மாறியது. எதைப் பேசினாலும் கடைசியில் மீட்டரில் வந்து நிற்பார்.

"எஞ்சின ஓட்டிப் பாக்கையில அந்த ஆயில் மீட்டரு முள்ளு நல்லா ஆடுதா மாப்ள?"

"ஆடுது மச்சான்."

"ஏறி எறங்குதுல்ல? எறங்குதா?"

"எல்லாம் இறங்குது."

"ம். எதுக்கும் ஒரு தடவ கழட்டிப் பாத்துக்கிறியா? பழைய சாமானு."

எனக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் எத்தனை தடவை இந்த மனுசன் தான் கொடுத்ததைப் பற்றிப் பாராட்டு வாங்குவார் என்று நினைத்தேன். சாந்தியிடம், அவள் என் மனைவி, சொல்லவும் செய்தேன்: "ஒரு மீட்டரைக் குடுத்துட்டு உயிரை எடுக்குறார்." அவள், "அவர் எதுக்கோ கேக்குறார், என்னன்னு கேளுங்களேன்" என்றாள். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சில ஞாயிறுகளில் போன் அடித்தால் கார் ஷெட்டுக்குள் போய்விடுவேன்.

6

போன ஞாயிறும் அப்படித்தான் போயிருந்தேன். கைகழுவ உள்ளே வந்தபோது அபி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊர்க்காரர்களிடம் பேசும்போது அவள் தமிழ் ஒவ்வொரு வார்த்தையாகக் கல்மேல் கால் வைத்து நடக்கும்.

"இல்ல மாமா. அது பிளேன்ல இல்ல. டப்பால இருக்கு. அப்பா போட்டோக்கு மட்டும் வெச்சார். அப்புறம் எடுத்துட்டார். ப்ராமிஸ் மாமா."

கையில் சோப்பு நுரையோடு போனைப் பிடுங்கினேன். "மச்சான், அவ சின்னப் புள்ள, அவளுக்குத் தெரியாது..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் அவர் என்னிடம் பேசவே இல்லை. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டுக் கத்துகிறார்.

"முருகேசு! ஏ முருகேசு! மாட்டலையாம்! டப்பாவுலதான் இருக்காம்! அவன் மாட்டவே இல்லையாம்!"

அவர் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை என் கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை. பாத்திரம் எதையோ கீழே போட்டுவிட்டு அக்கா ஓடிவருவது கேட்டது.

"நெசமாவாடா? ஏலே, என் மேல சத்தியமாச் சொல்லு. மாட்டலையா?"

"மாட்டலக்கா."

"ஆத்தா கௌமாரி! நான் இந்தச் சித்திரைக்கு வீரபாண்டியில தீச்சட்டி எடுத்தேன்டா. இவுக குடுத்த மீட்டரு உன்னய ஒண்ணும் செஞ்சிறக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு எடுத்தேன். உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு இவுக சொல்லிட்டாக. ரெண்டு கையும் கொப்பளிச்சுப்போச்சு. பரவால்ல, எடுத்தது வீணாகாது, நீ எப்படியும் பறக்கத்தான போற." சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்குப் பாதி புரிந்துவிட்டிருந்தது.

மச்சான் போனை வாங்கினார்.

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாப்ள. வெக்கமாப் போச்சு. தையில உழுதுக்கிட்டு இருக்கேன், மீட்டரு முள்ளு நடுவுல ஜம்முனு நிக்குது. உன் பேரு போட்ட மீட்டரு, அதப் பாத்துக்கிட்டே ஓட்டுறேன். அடியில ஆயிலு பூராம் ஒழுகிப்போயிருக்கு, எனக்குத் தெரியல. காட்டுக்குள்ளயே எஞ்சின் இறுகி சீஸ் ஆயிருச்சு. மெக்கானிக்கு வந்து பாத்துட்டு, மீட்டரு பொய் சொல்லியிருக்குங்கிறான். எனக்கு ட்ராக்டரு போனது கூடத் தெரியல, உன் நெனப்புதான். இதே மீட்டரோட அவன் மேல போகப் போறானேன்னு. போன்ல சொல்லிரலாம்னு வாயெடுப்பேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடிச்சுட்டு, என் மீட்டரு பொய்யி, கழட்டிப் போடுன்னு எப்படிச் சொல்றது? அதான் முள்ளு ஆடுதா, முள்ளு ஆடுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். நீயும் ஆடுதுன்னே சொன்ன."

"ட்ராக்டர் இப்ப?"

"ஷெட்டுல நிக்குது. இந்த வெள்ளாமைக்கு வாடகை வண்டிதான். அத விடு. உனக்கு ஒண்ணும் தெரியாமயே மாட்டாம விட்டிருக்க பாரு, அது சாமி செஞ்ச காரியம் மாப்ள."

இந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். அபி எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை முழங்கையில் வழிந்து போனுக்குள் போகிறது.

"எனக்குத் தெரியும் மச்சான்."

"என்னது?"

"அந்த மீட்டர் கோளாறுன்னு எனக்குத் தெரியும். வந்த வாரமே சோதிச்சுப் பாத்தேன். பேரு வெட்டுனதுல போயிருந்துச்சு. உங்க ட்ராக்டர்ல இருக்கதும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். சொல்லல."

பின்னால் அக்கா யாரிடமோ, மாட்டலையாம்க்கா, மாட்டலையாம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சான் மூச்சு விடுவது கேட்டது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவர் எப்போதும் உரக்கப் பேசுகிற ஆள்.

"ஒரு போனு போட்டிருக்கலாமே மாப்ள" என்றார், மெதுவாக.

பிறகு அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பாப்பா சாப்பிட்டுச்சா என்று கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். நீ சாப்பிடு என்று சொல்லிப் போனை வைத்தார்.